பெண்கள் பக்கத்துத் தடுக்கில் ஓர் ஓட்டை

ஏனுங்க, உங்களைப் பார்த்துச் சிரிக்கிற ஒவ்வொருத்தரையும் "இவங்க எதுக்குச் சிரிக்கறாங்க?" என்று யோசித்தே ஆக வேண்டிய வேலையில் நீங்கள் எப்போதாவது இருந்திருக்கிறீர்களா? பஸ் கண்டக்டர், ரேஷன் கடையில் எடை போடுகிறவர், கல்யாண மண்டபத்தில் பந்தி வாசலில் நிற்கிறவர், இவர்களுக்கெல்லாம் நான் சொல்ல வருவது உடனே புரிந்துவிடும். டெண்ட் சினிமாக் கொட்டாயில் பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பது என்பது, ஊரில் உள்ள அத்தனை பொம்பளைகளையும் ஒரே சாயங்காலத்தில் சந்தேகப்பட்டுவிட்டு, மறுநாள் காலையில் அதே பொம்பளைகளோடு குழாயடி வரிசையில் குடத்தோடு நிற்கிற தொழில்.

நான் நாலு வருஷம் நின்றேன். பள்ளிபாளையத்திலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளின ஊர் எங்களுடையது. என் வீட்டுக்காரருக்கு போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை. வடக்கே போனால் ஆறு மாசத்துக்கு ஆளைப் பார்க்க முடியாது, கடுதாசியைத்தான் பார்க்கலாம். கையில் எட்டு மாசப் பெண் குழந்தை. நான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள், எண்ணும் எழுத்தும் தடுமாறாது. அதனால் கொட்டாய் முதலாளி கூப்பிட்டு வேலை கொடுத்தார். குழந்தைக்கு டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துச் சவுக்குக் கம்பத்திலேயே தூளி கட்டிக்கொண்டேன். கொட்டாயைப் பிரித்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த இடத்தில் இப்போது தறி ஓடுகிறது.

முதல் நாள்

முதலாளி நல்ல மனுஷர்தான். தோட்டம், கரும்பு, மாடு கன்று என்று வசதியான குடும்பம். ஆனால் யாரையும் நம்ப மாட்டார். கொட்டாய்க்குள் மணல் கொட்ட வந்த மாட்டு வண்டிக்காரரிடம், "காவேரி மணல்தானா?" என்று மூன்று தடவை கேட்டு, ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தவர். முதல் நாள் என்னை வாசலில் நிறுத்தி, "அம்மிணி, டிக்கெட்டைப் பாக்காதீங்க, ஆளைப் பாருங்க. சிரிச்சுட்டே வந்தாங்கன்னா சந்தேகப்படுங்க. அழுதுட்டே வந்தாங்கன்னா இன்னும் கொஞ்சம் சேத்திச் சந்தேகப்படுங்க" என்றார்.

எனக்கு ஒரே குழப்பம். "சிரிக்காம, அழுகாம, சும்மா வந்தாங்கன்னா என்னங்க பண்ணறது?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சும்மா யாரு அம்மிணி சினிமாவுக்கு வாரா?"

நாலு வயசு

மடிக் குழந்தைக்கு டிக்கெட் இல்லை, அஞ்சு வயசு தாண்டினால் அரை டிக்கெட் என்பது எங்கள் கொட்டாயின் சட்டம். அதனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பிறந்த எந்தக் குழந்தையும் நாலு வயசுக்கு மேல் வளர்ந்ததே கிடையாது. ஒரு நாள் ஒரு அக்கா, காட்டு வேலை முடித்த களைப்போடு, இடுப்பில் ஒரு பையனைச் சுமந்துகொண்டு வந்தார். பையனின் கால் அவர் முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. "எத்தனை வயசுங்க்கா?" என்றேன். "நாலுங்க" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

நான் அவரை விட்டுவிட்டுப் பையனிடம் குனிந்தேன். "கண்ணு, பள்ளிக்கூடம் போறியா? எந்த வகுப்பு?" பையன் பெருமையாக, "மூணாவது" என்றான். கூட்டமே சிரித்தது. அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பையனை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அவன் வெரசாப் படிச்சுட்டானுங்க."

வயிற்றில் என்ன இருக்கிறது?

வெளிப் பலகாரம் உள்ளே வரக்கூடாது. இடைவேளையில் முறுக்கும் கடலையும் விற்கிற உரிமையை ஒருத்தருக்கு ஏலம் விட்டிருந்தார்கள். அவர் என்னிடம் வந்து, "யாரோ உள்ளாறயே அவிச்ச கடலை விக்கறாங்க, உங்க பக்கத்துலதான்" என்று புகார் சொன்னார். அன்று முதல் எனக்குப் பெரிய முந்தானையைக் கண்டாலே கை நமநமக்கும். ஒரு பொண்ணு நிறைமாச வயிற்றோடு, இடுப்பில் ஒரு குழந்தையும் தோளில் தூளி கட்டுகிற பழைய சேலை மூட்டையுமாக வந்தது. திங்கட்கிழமை பார்த்தபோது வயிறு இவ்வளவு பெரிசில்லையே என்று எனக்குப் பட்டது. ஓரமாகக் கூட்டிப் போய், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வயிற்றில் கை வைத்தேன். உள்ளேயிருந்து உதைத்தது பாருங்கள், எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நானும் பெற்றவள்தானே. அவளை முன்னால் நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைத்து, தூளி கட்டக் கம்பத்தையும் நானே காட்டிக் கொடுத்தேன்.

இடைவேளையில் பெண்கள் பக்கம் முழுக்க அவித்த கடலை வாசம். போய்ப் பார்த்தால், குழந்தை அவள் மடியில் தூங்குகிறது, தூளிக்குள் கடலை ஆவி பறக்கிறது. நான் முறைத்தேன். அவள் ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தாள். "நீங்க வவுத்தைத்தானுங்களே சோதிச்சீங்க?"

ஓட்டை

இதெல்லாம் விளையாட்டு. மூன்றாவது வருஷம் வந்ததுதான் வினை. கொட்டாயைச் சுற்றித் தென்னை ஓலைத் தடுக்கு கட்டியிருக்கும். பெண்கள் பக்கத்துப் பின்மூலையில், முதலாளியின் கரும்புக்காட்டைப் பார்த்த இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒரு தடுக்கின் கட்டு அவிழ்ந்து கிடந்தது. முந்தின நாள் இடைவேளையில் நான் தலை எண்ணியபோது டிக்கெட்டை விட ஒரு தலை அதிகம். குழந்தையைத் தப்பாக எண்ணிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அடுத்த வாரமும் அதே மாதிரி ஆயிற்று.

முதலாளி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. சம்பளம் போனால் பால்காரருக்கும் வீட்டு வாடகைக்கும் நான் ஏதாவது வழி பார்த்துக்கொள்வேன். ஆனால் "ரிக் வண்டிக்காரன் பொண்டாட்டி ஆளைத் திருட்டுத்தனமா உள்ள உட்டா" என்ற பேர் வந்துவிட்டால், அது என் கடுதாசிக்கு முன்னால் வடக்கே போய்ச் சேர்ந்துவிடும். அவர் அவிழ்ந்த கயிற்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஓட்டை தானா உழுகாது அம்மிணி. ஒண்ணு ஆளு பூந்து வருது, இல்லீன்னா நீங்க உடறீங்க. மூணு வாரம் தாரேன், எதுன்னு சொல்லுங்க."

மணலில் விழுந்த தடம்

எங்கள் ஆப்ரேட்டர் மாரியண்ணன் படம் ஓட்டுவதில் கெட்டிக்காரர், மற்றபடி பயந்தாங்கொள்ளி. தடுக்கைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மிணி, கட்டைப் பிரிச்ச ஆளு, போறப்ப மறுக்காக் கட்டப் பாத்திருக்குது. திருட வந்தவ கதவச் சாத்தீட்டா போவா? இது மனுஷி இல்ல, கரும்புக்காட்டுக்குள்ள இருக்கற ஏதோ ஒண்ணு" என்றார். அன்றிலிருந்து அந்த மூலையைப் பார்க்காமலேதான் ரீல் மாற்றுவார்.

எனக்குப் பேய் மேல் நம்பிக்கை இல்லை. பேய்க்கு எதற்குச் சினிமா? வியாழக்கிழமை சாயங்காலம் அந்தத் தடுக்குக்கு அடியில் மணலை ஈரம் பண்ணி, விளக்குமாற்றால் இழுத்துத் தட்டையாக்கி வைத்தேன். படம் முடிந்து சனம் போனதும் மாரியண்ணன் டார்ச்சைப் பிடிக்க, நான் குனிந்து பார்த்தேன். உள்ளே வந்த தடமும் வெளியே போன தடமும் பளிச்சென்று இருந்தன. செருப்புத் தடம். தரை டிக்கெட்டுக்கு வருகிற எங்கள் ஊர்க்காரப் பொம்பளைகள் யாரும் செருப்புப் போட்டு நான் பார்த்ததில்லை. மாரியண்ணன் டார்ச்சோடு இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். "பேய்க்குக் காலே இல்லைன்னுதானுங்க சொல்லுவாங்க, இது செருப்பு வேற போட்டுட்டு வருதே!"

டீச்சரம்மாவின் கால்

செருப்பு என்றதும் என் புத்தி நேராக டீச்சரம்மாவிடம் போய் நின்றது. சேலம் அஸ்தம்பட்டிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர். தரையில் உட்கார்ந்தாலும் செருப்பைக் கழற்றிப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். அதுவும் எப்போதும் அந்தப் பின்மூலைக்குப் பக்கத்தில். அடுத்த வியாழக்கிழமை இடைவேளையில் மணலைப் பார்த்தேன், புதுத் தடம் விழுந்திருக்கிறது. நேராக அவரிடம் போய், "டீச்சருங்க, டிக்கெட்டைக் காட்டுங்க" என்றேன். காட்டினார். அதோடு நான் விட்டிருக்க வேண்டும். விடவில்லை. "அப்படியே அந்தச் செருப்பப் போட்டுட்டு இங்க வந்து இந்தத் தடத்துக்குப் பக்கத்துல ஒரு கால் வையுங்க."

பெண்கள் பக்கம் முழுக்க எழுந்து நின்று பார்த்தது. நடுவில் இருக்கிற இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆம்பளைகளும் எட்டிப் பார்த்தார்கள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து கால் வைத்தார். தடம் அவர் காலை விட இரண்டு விரற்கடை சின்னது. எனக்கு அந்த மணலுக்குள்ளேயே புதைந்துவிடலாமா என்று இருந்தது. டீச்சரம்மா முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. "அளவெடுத்தாச்சுல்ல? அப்ப ஒரு ஜோடி புதுசா வாங்கிக் குடுத்துடுங்க, இது வார் அறுந்துபோச்சு."

வியாழக்கிழமை

ஒரே ஒரு வாரம் பாக்கி. குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டே யோசித்தேன். ஓட்டை ஏன் வியாழக்கிழமை மட்டும் விழுகிறது? எங்களுக்கு வெள்ளிக்கிழமை படம் மாறும். வியாழக்கிழமை மத்தியானமே முதலாளி அடுத்த படப்பெட்டியை எடுக்கச் சேலம் போய்விடுவார். ஒன்பது மணி பஸ்ஸில் பெட்டியோடு வந்து இறங்கி, வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கொட்டாய்க்கு வருவார். அப்படியானால் வருகிற ஆளுக்கு என் மேல் பயமில்லை, மாரியண்ணன் மேல் பயமில்லை, முதலாளி மேல் மட்டும்தான் பயம். இவ்வளவு யோசித்த எனக்கு அதற்கு மேல் யோசிக்கத் தெரியவில்லை. அந்த வியாழக்கிழமை டிக்கெட் கொடுத்து முடித்து, வாசலைச் சாத்திவிட்டு, குழந்தை தூங்கியதும் கொட்டாய்க்கு வெளியே கரும்போரத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே முதல் ரீல் ஓடிக்கொண்டிருந்தது. வரப்பு மேலே ஓர் ஆள் முக்காட்டோடு வந்து, பழகின கையால் கட்டை அவிழ்த்தது. நான் எட்டிக் கையைப் பிடித்தேன். என் பிடிக்குள் கனமான தங்க வளையல். அந்த நேரம் பார்த்து மாரியண்ணன் ரீல் மாற்ற லைட்டைப் போட, ஓலைச் சந்து வழியாக வெளிச்சம் முகத்தில் விழுந்தது. முதலாளியின் வீட்டுக்கார அம்மா! அவர்கள் வீட்டுப் பொம்பளைகள் கொட்டாய்ப் பக்கம் வரவே கூடாது. ஊரோடு சேர்ந்து தரையில் உட்காருவது குடும்பத்துக்கு ஆகாது என்பது முதலாளி போட்ட சட்டம். கொட்டாய் நடத்துகிறவர் வீட்டில் ஒருத்தரும் ஒரு படம்கூடப் பார்த்ததில்லை என்று ஊரே பேசும். அந்த அம்மா வாரா வாரம் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து முக்கால் படம் பார்த்துவிட்டு, ஒன்பது மணி பஸ்ஸுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடி, அவருக்கு இலை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அவருக்கு உலரவில்லை. என் காதோரம் வந்து கிசுகிசுத்தார்: "எம்பேரச் சொன்னீன்னா நாளைக்கு இருந்து நான் வாசப்படி தாண்ட முடியாது, சொல்லலீன்னா உன்ற வேலை போயிரும். ரெண்டுல எதுன்னு நீ இங்கயே உக்காந்து யோசி சாமி, இப்பக் கைய உடு, உள்ள பாட்டு வந்துருச்சு."

பேர் சொல்லவில்லை

மறுநாள் காலை முதலாளி வீட்டுக்குப் போனேன். ராத்திரி எனக்கு அந்த அம்மா மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. அவரே முந்திக்கொண்டு, நான்தான் உள்ளே விட்டேன் என்று சொல்லிவிட்டால்? பெரிய வீட்டுப் பேச்சு எடுபடுமா, என் பேச்சு எடுபடுமா? அதனால் கறிவேப்பிலை கொடுக்கிற சாக்கில் முதலில் சமையல்கட்டுப் பக்கம் போய் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றுமே தெரியாத மாதிரி சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். உப்பை மட்டும் இரண்டு தடவை அள்ளிப் போட்டார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது.

"ஆளைப் புடிச்சுட்டனுங்க. பொம்பளைதானுங்க. தடுக்குல முள்ளு வெச்சுக் கட்டீட்டேன், இனிமேப் பிரிக்க மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு" என்றேன் முதலாளியிடம். யார் என்றார். "பேரச் சொன்னா அவங்க ஊட்டுக்காரரு நாலு பேரு முன்னாடி தலை நிமுர முடியாதுங்க. கௌரவமான குடும்பமுங்க" என்றேன். அவர் ரொம்ப நேரம் மீசையைத் தடவினார். கௌரவம் என்றால் அவருக்கு உயிர். "அப்பச் சொல்லாதீங்க. நாளைக்கு அந்த மனுஷன் மூஞ்சில நாம முழிக்கோணுமில்ல" என்றார். நான் திரும்பி நடந்தபோது பின்னால் அவர் தனக்குத்தானே வருத்தப்பட்டது காதில் விழுந்தது: "பொண்டாட்டி எங்க போறா, எங்க வாரான்னுகூடத் தெரியாம எப்படித்தான் ஆம்பளைங்க குடும்பம் நடத்தறானுங்களோ!"

பால் வாங்கப் போன இடம்

அதற்குப் பிறகு தடுக்கு பிரியவில்லை. பதிலுக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் "பால் வாங்கீட்டுப் போ அம்மிணி" என்று அந்த அம்மாவிடமிருந்து எனக்கு ஆள் வரும். மாட்டுக்கட்டுத்தரையில் என்னை உட்காரவைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, படக் கதையைச் சொல்லச் சொல்வார். நான் சொல்லும்போது போலீஸ்காரர் மாதிரிக் குறுக்கே குறுக்கே கேட்பார். அந்தப் பொண்ணு என்ன கலர் சேலை? அப்ப மாமியார் எங்கே நின்னா? நான் ஏதோ ஒரு ரீலை வேண்டுமென்றே மறைக்கிறேன் என்று அவருக்கு ஓயாத சந்தேகம். என் குழந்தை மாட்டைப் பார்த்து அழுதால், அந்த அழுகையைச் சாக்காக வைத்து நான் கதையை வெட்டுகிறேன் என்பார்.

ஒரு நாள் நல்லபடியாகச் சொல்லி முடித்தேன் என்று எழுந்தேன். பால் சொம்பைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். கொட்டாய்ச் சத்தம் வரப்பு தாண்டி அவர் வீட்டுக்குக் கேட்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். "நேத்து என்ற காதுல அஞ்சு பாட்டு உழுந்துச்சு, நீ நாலுதான் சொன்ன. இன்னொண்ண எங்க ஒளிச்சு வெச்சிருக்கற?"

கடைசிப் படம்

நாலாவது வருஷ முடிவில் லைசென்சைப் புதுப்பிக்க வேண்டாம் என்று முதலாளி முடிவு பண்ணிவிட்டார். ஈரோட்டிலும் பள்ளிபாளையத்திலும் நாற்காலி போட்ட தியேட்டருக்குச் சனம் பஸ் ஏறியது. ஊருக்குள் இரண்டு வீட்டில் டி.வி.யும் வந்துவிட்டது. கடைசிப் படத்துக்குக் கடைசி நாள், வியாழக்கிழமை. எடுக்க அடுத்த பெட்டி இல்லை, அதனால் அவர் சேலம் போகவில்லை. வெள்ளை வேட்டி சட்டையோடு என் டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

படம் தொடங்குவதற்கு முன்னால் போடுகிற ரெக்கார்டுப் பாட்டு நிற்கப் போகிற நேரம், வரிசை திடீரென்று விலகியது. வரப்பு வழியாக இல்லை, ஊர் நடுரோட்டு வழியாக, பட்டுச்சேலையோடு, காலில் செருப்போடு அந்த அம்மா நடந்து வருகிறார். கடலை விற்ற பொண்ணு வாயைப் பிளந்தது, டீச்சரம்மா அந்தச் செருப்பையே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முதலாளி கும்பிட்ட கையை இறக்க மறந்து, "நீ எங்க இங்க?" என்றார். அந்த அம்மா வாயிலிருந்து "தடுக்கு" என்ற ஒரு வார்த்தை வந்தால் போதும், நான் கட்டிக் காத்த பேரெல்லாம் அந்த மணலிலேயே கொட்டிவிடும்.

அந்தக் கொட்டாயில் நாலு வருஷமாகத் திருட்டுத்தனமாக வந்த அத்தனை பேரையும்விட, ஒழுங்காக வாசல் வழியே வந்து ஒழுங்காகக் காசை நீட்டிய அந்த ஒரே ஒரு ஆள்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது: "தரை டிக்கெட் ஒண்ணு குடு அம்மிணி, அப்படியே அக்கட்டால ஆம்பளைங்க பக்கம் இவருக்கும் ஒண்ணு குடுக்கச் சொல்லு, ஊட்டுல சோறு போட இன்னைக்கு ஆளில்ல."